நாகர்கோவில் பக்கம் பெரிய கட்டுமான நிறுவனத்திடம் புது ஃபிளாட் வாங்கப் போகிறவர்களுக்கு

மஸ்கட்டிலிருந்து 40 நாள் விடுமுறையில் வந்தவன், திரும்பிப் போக 9 நாள் மட்டும் இருந்தபோது, நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தின் மாதிரி வீட்டைப் பார்த்தேன். அன்று மாலையே 2 லட்சம் ரூபாய் முன்பணம் கட்டினேன். "இந்த விலை இன்றைக்கு மட்டும்தான் சார்" என்றார்கள். மறுநாளும் அதே விலைதான் இருந்தது, அடுத்த ஆண்டும் ஏறக்குறைய அதே விலைதான். என்னுடைய அவசரம் என் விமான டிக்கெட்டில் இருந்தது. அதை அவர்கள் முதல் ஐந்து நிமிடப் பேச்சிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

சாவி கைக்கு வந்தது ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்கு 11 மாதம் கழித்து. இடையில் நானும் என் மனைவியும் ஏறி இறங்கிய படிகளில் பாதி தேவையில்லாதவை. நீங்கள் ஏற வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு ஃபிளாட் என்ற யோசனையே பிடிக்கவில்லை. "தெங்கு ஒன்று நட இடமில்லாதது என்ன வீடு மக்களே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான கணக்கு நான்காவது படியில் வருகிறது.

1. மாதிரி வீட்டுக்குள் போகும் முன் சாயாக்கடையில் உட்காருங்கள்

மாதிரி வீடு என்பது ஒரு கடைச் சன்னல். ஏசி ஓடும், விளக்குகள் எல்லாம் எரியும். கட்டிலை ஒரு முறை அளந்து பாருங்கள். அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே கட்டிலையும் சோபாவையும் சிறிதாகச் செய்து வைப்பதுண்டு.

நான் அங்கிருந்து நேராகப் பணம் கட்டப் போனேன். மறுநாள்தான் சாலைக்கு எதிரே இருந்த சாயாக்கடையில் உட்கார்ந்தேன். பெஞ்சில் இருந்த பெரியவர், "இங்கேயா தம்பி வாங்கியிருக்கிறீர்கள்?" என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இது கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைந்த ஏலா. ஐப்பசியில் வரப்பு தெரியாது" என்று சொல்லி, உட்கார்ந்தபடியே தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். ஏலா என்றால் வயல்வெளி; கன்னிப்பூவும் கும்பப்பூவும் அதன் இரண்டு நெல் போகங்கள். அவர் தொட்ட உயரத்துக்குத்தான் பிறகு ஒரு ஐப்பசியில் எங்கள் கார் நிறுத்தும் தளத்தில் தண்ணீர் நின்றது. இரண்டு மோட்டார் வைத்து இறைத்தார்கள்.

பெரிய நிறுவனத்தின் பெயர் கட்டடத்துக்கு ஓரளவு உத்தரவாதம் தரும். அடியில் இருக்கும் மண்ணுக்குத் தராது. வெளியூரிலிருந்து வரும் என்ஜினீயருக்கு அது ஒரு சர்வே எண். நமக்கு அது யாருடைய ஏலா, எந்தக் குளத்தின் மறுகால் போகும் வழி என்று கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறது. அந்த ஒரு வசதியை விட்டுவிடாதீர்கள்.

செய்ய வேண்டியவை:

- நம் மாவட்டம் இரண்டு பருவமழையும் பெறுவது. ஆனி, ஆடியில் ஒரு முறையும் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறையும் மனையைப் போய்ப் பாருங்கள். அவ்வளவு காத்திருக்க முடியாதென்றால், 2021 நவம்பர் வெள்ளத்தில் அங்கே தண்ணீர் எங்கே வரை வந்தது என்று அக்கம்பக்கத்து வீடுகளில் கேளுங்கள். மதில் சுவரில் கறைக்கோடு இருந்தால் அதுவே பதில்.
- சாலை மட்டம் உயரமா, மனை மட்டம் உயரமா என்று பாருங்கள். மண் அடித்து உயர்த்தியிருந்தால், அங்கே நின்ற தண்ணீர் இப்போது எந்த வழியாகப் போகிறது என்று கேளுங்கள்.
- வருவாய்த்துறை இணையதளத்தில், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். நன்செய் என்றிருந்தால், வீட்டுமனையாக மாற்ற வாங்கிய அனுமதியின் நகலைக் கேட்க வேண்டும். நிலத்தின் அளவைப் படமான புலப்படத்தில் ஓடையோ சானலோ மனையைத் தொட்டுப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.
- ராஜாக்கமங்கலம், மணவாளக்குறிச்சி, குளச்சல் போன்ற கடலோரப் பகுதி என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்று கேளுங்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள்.
- மலையடிவாரம் என்றால் இரண்டு கேள்விகள். இந்த மாவட்டத்தின் பல வருவாய்க் கிராமங்கள் ஹாக்கா என்று எல்லோரும் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன. அங்கே கட்ட அதன் அனுமதி வேண்டும். தனியார் காடு என்று அறிவிக்கப்பட்ட நிலமானால் 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பதற்கே அனுமதி வேண்டும். பழைய ரப்பர்த் தோட்டத்தை வெட்டிப் போட்ட மனைகளில் இதைக் கேட்காமல் நகரவே கூடாது.
- குடிநீர் எங்கிருந்து? "24 மணி நேரமும் தண்ணீர்" என்ற விளம்பர வரிக்கு ஆழ்குழாய்க் கிணறு, லாரி, உள்ளாட்சிக் குழாய் என்று மூன்று பொருள் இருக்கிறது. நாகர்கோவில் மாநகராட்சிக்கு முக்கடல் அணையிலிருந்து தண்ணீர் வருகிறது என்பதற்காக, மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கும் குடியிருப்புக்கும் அது வரும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

2. ரெரா எண்ணை நீங்களே தேடுங்கள்

ரெரா என்று எல்லோரும் சொல்லும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி, மாநில ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் திட்டத்தை விளம்பரம் செய்யவோ முன்பணம் வாங்கவோ கூடாது. 500 சதுர மீட்டருக்குள் அடங்கும் நிலத்துக்கும் 8 வீடுகளுக்குள் அடங்கும் கட்டடத்துக்கும் மட்டும் விலக்கு உண்டு. பெரிய திட்டத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது.

விளம்பரத் தாளில் எண் இருக்கிறதே என்று விட்டுவிடாமல், தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு மூன்றைப் பாருங்கள்.

முதலாவது, எண்ணுக்கு நடுவில் பில்டிங் என்றிருக்கிறதா, லேஅவுட் என்றிருக்கிறதா? மனைப்பிரிவுக்கு மட்டும் பதிவு வாங்கிவிட்டு அதன் மேல் வில்லா கட்டி விற்கும்போது, காட்டப்படும் எண் மனைக்கு உரியது. வீட்டுக்கு உரியது அல்ல.

இரண்டாவது, எத்தனையாவது கட்டம்? எங்கள் திட்டத்தில் நீச்சல் குளமும் கிளப் ஹவுஸும் இரண்டாம் கட்டத்தில் இருந்தன. நான் வாங்கியது முதல் கட்டம். படத்தில் எல்லாம் சேர்ந்தே இருந்தது.

மூன்றாவது, முடிக்கும் தேதி. விற்பனை அலுவலகத்தில் சொன்ன தேதியும் ஆணையத்தில் எழுதிக் கொடுத்த தேதியும் எனக்கு 9 மாதம் வேறுபட்டன. அங்கே எழுதிக் கொடுத்ததைத்தான் நம்ப வேண்டும்.

3. பத்திரங்களை உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள்

"இந்தத் திட்டத்துக்கு நான்கு வங்கிகள் கடன் கொடுக்கின்றன, நீங்கள் தனியாக வக்கீல் பார்க்க வேண்டாம்" என்பார்கள். வங்கியின் வக்கீல் வங்கியின் பணத்துக்காகப் பார்க்கிறார். நான் தனியாக 8,000 ரூபாய் கொடுத்து ஒருவரை வைத்தேன். முன்பணம் கட்டிய பிறகு வைத்தேன் என்பதுதான் முட்டாள்தனம்.

கேட்டு வாங்க வேண்டியவை: மூலப் பத்திரம் முதல் இன்று வரையுள்ள பத்திரங்களின் நகல்கள், குறைந்தது 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், அ-பதிவேடு, நிலத்தீர்வை ரசீது, நகர் ஊரமைப்புத் துறை அனுமதியும் அதனுடன் முத்திரையிட்ட வரைபடமும், உள்ளாட்சியின் கட்டட அனுமதி, ரெரா பதிவுச் சான்று. நிலம் நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் நில உடைமையாளரோடு கூட்டாகக் கட்டுவதென்றால், பதிவு செய்த கூட்டு ஒப்பந்தமும், அவருக்காகக் கையெழுத்திட அதிகாரம் தரும் பவர் பத்திரமும் வேண்டும். பவர் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

நம் மாவட்டத்துக்கே உரிய சில சிக்கல்கள் இருக்கின்றன.

1956-க்கு முன் நாம் திருவிதாங்கூரில் இருந்தோம். அதனால் பழைய மூலப் பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கும். வாசிக்கத் தெரிந்த பத்திர எழுத்தர்களும் வக்கீல்களும் இங்கே இன்னும் இருக்கிறார்கள். நிறுவனம் கொடுக்கும் தமிழ்ச் சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளாமல் மூலத்தையே அவர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

பழைய சர்வே எண் வேறு, மறு அளவைக்குப் பிந்தைய எண் வேறு. பதிவுத்துறை இணையதளத்தில் 1975-க்குப் பிந்தைய வில்லங்கத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்பது நல்ல வசதிதான். ஆனால் புது எண்ணை மட்டும் போட்டால் "வில்லங்கம் ஏதுமில்லை" என்று வரும். பழைய எண்ணைப் போட்டால் ஒரு ஒற்றி, அதாவது அடமானம், எட்டிப் பார்க்கும். என் நிலத்தில் அப்படித்தான் ஓர் ஒற்றி வந்தது. மீட்டெடுத்த பத்திரமும் இருந்தது, நல்லவேளை. கிராமம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் இரண்டு அலுவலகத்துக்கும் தேட வேண்டும்.

தேவசம் நிலம், கோயில் நிலம், புறம்போக்கு எல்லாம் பத்திரத்தில் அப்படிப் பெயர் எழுதிக்கொண்டு வராது. சுற்றியுள்ள சர்வே எண்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த வேலைக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

4. விலையைப் பிரித்துப் பாருங்கள்

என் கணக்கை அப்படியே வைக்கிறேன். 1,200 சதுர அடி, அடிக்கு 3,600 ரூபாய், ஆக 43,20,000. இதுதான் பெரிய எழுத்தில் இருந்தது.

அந்த 1,200-இல் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் என் பங்கு சேர்ந்திருந்தது. சுவருக்குள் நான் பாய் விரிக்கக்கூடிய இடம், அதாவது கார்ப்பெட் ஏரியா, 840 சதுர அடி. அப்படிப் பார்த்தால் அடி விலை ஏறக்குறைய 5,143 ரூபாய். ரெரா சட்டம் கார்ப்பெட் அளவைத்தான் அடிப்படையாகக் கொள்கிறது. இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது இந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு 480 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் இது 1.1 சென்ட். அம்மாவிடம் சொன்னேன். "ஒரு தெங்குக்குக் காணும். ஆனால் எந்த மூலையில் என்று கேட்டுச் சொல்லு" என்றார். அதுதான் பிரிக்கப்படாத பங்கு. எந்த மூலை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மொத்த நிலத்தை மொத்தக் கட்டடப் பரப்பால் வகுத்து, உங்கள் வீட்டின் பரப்பால் பெருக்கி உங்கள் பங்கைச் சரிபார்க்க முடியும். எல்லாருடைய பங்கையும் கூட்டினால் மொத்த நிலம் வர வேண்டும். வராவிட்டால், மீதியை நிறுவனம் தன்னிடம் வைத்திருக்கிறது. நாளைக்கு மேலே இன்னொரு மாடி எழும்பலாம்.

இனி ஜிஎஸ்டி. நான் 1.9 லட்சம் கூடுதலாகக் கொடுத்த இடம் இதுதான். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். கட்டுபடியாகும் வீடு என்ற வகைக்கு 1 சதவீதம். பெருநகரம் அல்லாத நம் ஊரில் அந்த வகைக்குக் கார்ப்பெட் பரப்பு 90 சதுர மீட்டருக்குள்ளும் விலை 45 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். 840 சதுர அடி என்பது 78 சதுர மீட்டர், விலை 43.2 லட்சம், ஆகவே 1 சதவீதம்தான் என்று விற்பனைப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு பார்க்கிங் 2 லட்சம், பொது வசதிகள் 1.5 லட்சம் சேர்ந்து 46,70,000 ஆனது. இந்தக் கூடுதல் கட்டணங்களும் அந்த 45 லட்சக் கணக்கில் சேரும். 43,200 கட்ட வேண்டும் என்று எண்ணியிருந்த நான் 2,33,500 கட்டினேன். உங்கள் விலை 45 லட்சத்துக்குப் பக்கத்தில் இருந்தால், முன்பணத்துக்கு முன்பே மொத்தத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொண்டு பேரம் பேசுங்கள். நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பார்க்கிங்கைப் பற்றி இன்னொன்று. திறந்தவெளி பார்க்கிங் சட்டப்படி பொது இடம். அதைத் தனியாக விற்க முடியாது. கூரைக்கு அடியில் உள்ளதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

5. முன்பணமும் ஒப்பந்தமும்

பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. "20 சதவீதம் கட்டினால் தள்ளுபடி" என்றால் மறுத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தின் வரைவை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க வேண்டும். மாதிரி ஒப்பந்தம் ரெரா விதிகளிலேயே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்குத் தந்த வரைவில், நான் தவணை தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அவர்கள் வீட்டைத் தாமதித்தால் மாதத்துக்குச் சதுர அடிக்கு 5 ரூபாய். சட்டம் இரு தரப்புக்கும் ஒரே வட்டி விகிதம் என்கிறது. தமிழ்நாட்டு விதிப்படி அது ஸ்டேட் வங்கியின் எம்சிஎல்ஆர் என்னும் கடன் வட்டி விகிதத்தில் அதிகபட்சமானதற்கு மேல் 2 சதவீதம். இதைச் சுட்டிக்காட்டியதும் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள். கேட்கிறவர்களுக்கு மட்டும் மாற்றித் தருகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

ஒப்படைக்கும் தேதி, கார்ப்பெட் பரப்பு, நிலப் பங்கு, பார்க்கிங் எண், கதவின் மரம், குழாய், மின்கம்பி இவற்றின் தயாரிப்புப் பெயர் எல்லாம் எழுத்தில் வர வேண்டும். "அல்லது அதற்கு இணையானது" என்ற சொற்றொடரைக் கண்டால் அடித்துவிடச் சொல்லுங்கள். அந்த மூன்று சொல்லுக்குள் ஒரு வீட்டுக் குழாய் முழுவதும் மாறிவிடும். நாம் பின்வாங்கினால் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற வரியையும் தேடிப் படியுங்கள்.

6. கடனும் கைக்காசும்

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையுள்ள கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையிலும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம் வரையிலும்தான் வங்கி தர முடியும். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணத்தை இந்த மதிப்பில் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். என் கணக்கில் கைக்காசு: விலையில் ஐந்தில் ஒன்று 9.34 லட்சம், ஜிஎஸ்டி 2.34 லட்சம், பதிவுச் செலவு 2.8 லட்சம். ஏறக்குறைய 14.5 லட்சம். "20 சதவீதம் இருந்தால் போதும்" என்ற பேச்சை நம்பி வந்தால் இடையில் நகையை அடகு வைக்க வேண்டி வரும். நாங்கள் வைத்தோம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் மனைவிக்கோ சகோதரருக்கோ பவர் எழுதும்போது, இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். என் முதல் பவர் அலமாரியில் நான்கு மாதம் தூங்கியது, மறுபடி எழுத வேண்டியதாயிற்று. பொது அதிகாரம் எழுத வேண்டாம். இன்ன வீடு, இன்ன வேலை என்று குறிப்பிட்டே எழுதுங்கள்.

7. கட்டும் காலம்

தவணைகள் மாதக் கணக்கில் இல்லாமல் கட்டடப் படிக் கணக்கில் இருக்கட்டும். "இரண்டாம் தளக் கான்கிரீட் முடிந்தது" என்று கடிதம் வந்தால், யாரையாவது அனுப்பிப் படம் எடுத்து வரச் சொல்லிவிட்டு அதன் பிறகு கட்டுங்கள். கடைசித் தவணை குறைந்தது 5 சதவீதமாவது வீட்டைச் சோதித்த பிறகுதான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் கையிலிருக்கும் ஒரே கடிவாளம்.

தாமதம் ஆறு மாதம் ஆனபோது, நிறுவனம் எங்களுக்குச் சமையலறை அலமாரி இலவசமாகச் செய்து தருவதாகக் கடிதம் அனுப்பியது. கடைசிப் பத்தியில், "தாமதம் தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று நாங்கள் கையெழுத்திட வேண்டும். மனைவி அலமாரிப் படத்தை ரசித்துவிட்டு அந்தப் பத்தியைப் படித்தாள், கடிதத்தை மடித்து வைத்தாள். கையெழுத்திட்டவர்கள் வட்டி கேட்க முடியாமல் போனார்கள். நாங்கள் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் வட்டி கேட்டோம். கடைசித் தவணையில் கழித்துக்கொண்டார்கள். மறுத்திருந்தால் ரெரா ஆணையத்தில் ஆன்லைனில் புகார் செய்திருப்போம். கணக்கு, கடிதம், ரசீது எல்லாம் தேதிவாரியாக ஒரு கோப்பில் இருந்தது.

8. சாவி வாங்கும் முன் ஒரு வாளி, ஒரு நாணயம், ஒரு கோலிக்குண்டு

நிறுவனம் "ஒப்படைப்பு விழா" என்று அழைக்கும். லட்டு தருவார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே சோதனைக்குத் தேதி கேளுங்கள். கூடவே தெரிந்த கொத்தனார் ஒருவரையும் எலக்ட்ரீஷியன் ஒருவரையும் அழைத்துப் போங்கள். இருவருக்கும் அரை நாள் கூலி. நாங்கள் செலவழித்த பணத்தில் மிகச் சரியாகச் செலவான பணம் அது.

கொத்தனார் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் வடிகாலை நோக்கிப் போக வேண்டும். அது சற்று யோசித்துவிட்டு, கதவைத் தாண்டிப் படுக்கையறைக்குள் போனது. சைட் என்ஜினீயர் சிறு பையன், முகம் சிவந்துவிட்டது. "இதை எழுத வேண்டாம் சார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். "எழுதிவிட்டே பாருங்கள் தம்பி" என்றார் கொத்தனார்.

டைல்ஸை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால், அடியில் சிமென்ட் பிடிக்காத இடத்தில் சத்தம் பொள்ளலாக மாறும். அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். கோலிக்குண்டைப் பால்கனியில் வைத்தால் சரிவு எந்தப் பக்கம் என்று அதுவே ஓடிக் காட்டும். ஒவ்வொரு பிளக்கிலும் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். மின் பெட்டியிலுள்ள கசிவுக் காப்பு ஸ்விட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் உடனே நிற்க வேண்டும். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, எத்தனையாவது குழாயில் தண்ணீர் நூலாகிறது என்று பாருங்கள்.

மழை நாளில் போக முடிந்தால் இன்னும் நல்லது. தென்மேற்குக் காற்றோடு மழை சாய்வாக அடிக்கும்போது மேற்குச் சுவரின் சன்னல் ஓரங்கள் உண்மையைச் சொல்லிவிடும். புது வெள்ளையடித்த சுவரில் ஓதம் இருந்தால் உள்ளங்கையை வைத்தாலே தெரியும்.

எங்கள் பட்டியலில் 31 குறைகள். இரண்டு பிரதி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சரிசெய்யும் தேதி போட்டு, என்ஜினீயரின் கையெழுத்து வாங்கினோம். கடைசித் தவணை நிலுவையில் இருந்ததால் 26 குறைகள் மூன்று வாரத்தில் சரியாகின. மீதி ஐந்தில் நான்குக்குக் கொஞ்சம் சண்டை போட வேண்டியிருந்தது.

அத்தோடு இரண்டு காகிதங்களையும் கேளுங்கள். ஒன்று, கட்டட நிறைவுச் சான்று. சிறிய வீடுகளுக்கு விலக்கு உண்டு, பெரிய அடுக்குமாடிக்குக் கிடையாது. இன்னொன்று, மின் இணைப்பு நிரந்தரமா என்பது. கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே ஆட்களைக் குடியேற்றிவிட்டு, அந்த அதிகக் கட்டணத்தைப் பங்கு போட்டு வசூலிக்கும் வழக்கம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கென்று தனி மீட்டரும் இணைப்பு எண்ணும் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

9. பத்திரப் பதிவு

2023 டிசம்பர் 1 முதல் புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு நிலப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதிகிறார்கள். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 5-ம் 2-ம். என் 46.7 லட்சத்துக்கு 2,80,200 ரூபாய். வில்லா, தனி வீடு என்றால் இந்தச் சலுகையை எதிர்பார்க்க வேண்டாம். வழக்கமான விற்பனைப் பத்திரத்துக்கு 7 சதவீதமும் 2 சதவீதமும், ஆக 9 சதவீதம்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விலையில் 1 சதவீதத்தை நீங்கள்தான் வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும். கட்டும் பொறுப்பு வாங்குகிறவருடையது என்பதால் தவறினால் அபராதமும் உங்களுக்குத்தான்.

"ஆவணச் செலவு" என்ற பெயரில் நிறுவனம் மொத்தமாக ஒரு தொகை கேட்கும். அரசுக் கட்டணம் எவ்வளவு, எழுத்துக்கூலி எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். அரசுக் கட்டணத்தை ஆன்லைனில் நீங்களே கட்டலாம்.

பதிவு நாளில் ஆதார், பான் அட்டை, புகைப்படம், அடையாள அட்டையோடு இரண்டு சாட்சிகள் வேண்டும். வரைவை முந்தின நாளே வாங்கி நான்கு எல்லைகள், சர்வே எண், கதவு எண், பெயரின் முன்னெழுத்து ஆகியவற்றைச் சரிபாருங்கள். என் தந்தையின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. பதிவான பிறகு தெரிந்திருந்தால் திருத்தல் பத்திரத்துக்கு மறுபடி எல்லோரும் வர வேண்டும்.

ஆவணி முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் நிற்க இடம் இருக்காது. ஆடியில் பத்திரம் போட நம்மவர்கள் தயங்குவார்கள். எனக்குத் தயக்கமில்லை. ஆடி 12-ஆம் தேதி காலை 11 மணிக்குள் வேலை முடிந்தது.

10. அதன் பிறகு

பதிவோடு வேலை தீரவில்லை. சொத்து வரி உள்ளாட்சியில் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் அப்படியே. எனக்கு மூன்றும் முடிய ஏழு வாரம் ஆனது. விற்பனைப் பத்திரத்தின் அசல் வங்கியில் இருக்கும், அதனால் சான்றிட்ட நகல் ஒன்றைப் பதிவு அலுவலகத்திலிருந்து உடனே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்புக்கென்று இரண்டு ஆண்டுப் பணத்தை முன்கூட்டியே வாங்கியிருப்பார்கள். குடியிருப்போர் சங்கம் உருவானதும் கணக்கையும் மீதியையும் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். தானாக ஒப்படைக்க மாட்டார்கள். எங்கள் சங்கத்தின் முதல் கூட்டத்துக்கு 60 வீடுகளில் 14 வீட்டார்தான் வந்தார்கள். கார் தளத்தில் தண்ணீர் நின்ற மறுவாரம் நடந்த கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. வடிகாலைத் தனியாக வெட்டிக் கொடுத்தது அதன் பிறகுதான்.

வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை வந்தால், நாம் தெரிவித்த 30 நாளுக்குள் நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பது சட்டம். சாவி வாங்கிய தேதியை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு கார்த்திகை முடிவிலும் கூரை மூலைகளையும் மேற்குச் சுவரையும் தேதி தெரியும்படி படம் எடுத்து, ஓதம் கண்டால் அன்றே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புகிறோம். இதுவரை இரண்டு அனுப்பியாயிற்று. ஒன்றைச் சரிசெய்து தந்துவிட்டார்கள். இன்னொன்றுக்கு வரும் திங்கட்கிழமை ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.